இரண்டரை டெசிபல்

சிறு விமானங்களின் உள்ளே எவ்வளவு இரைச்சல் என்று அளந்து ஒப்பிடுவது பரிதியின் வேலை. காலி இருக்கையைவிட, ஆள் உட்கார்ந்த இருக்கையில் அளவு சற்றுக் குறையும். உடம்பு கொஞ்சம் சத்தத்தைக் குடித்துவிடும். எட்டு மாதத்துக்கு முன் சாகும்வரை, அப்படி உட்கார வந்தவள் அவன் மனைவி தேன்மலர். எந்த விமானமானாலும் அவள் குடித்தது இரண்டரை டெசிபல்.

அன்று விமானத்தில் அவனும் விமானி செபஸ்தியானும் மட்டுமே இருந்தார்கள். பின்னிருக்கைகள் இரண்டிலும் தலை உயரத்தில் மைக் கட்டி, முன்னால் உட்கார்ந்து கருவியை மடியில் வைத்திருந்தான். முதல் சுற்றில் இரண்டு பக்கமும் தொண்ணூறு. இரண்டாவது சுற்றில், விமானிக்குப் பின்னால் மட்டும் எண்பத்தேழரை.

கருவியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். மறுபடியும் எண்பத்தேழரை.

"என்ன தம்பி, மூஞ்சி வெளுத்துப்போச்சு? நான் ஓட்டுற லட்சணம் அப்படியா?" ஹெட்செட்டில் செபஸ்தியான் சிரித்தார்.

"பின்னாடி ஏதாச்சும் வச்சிருக்கீங்களாண்ணே?"

"ஒண்ணுமில்லையே. சந்தேகம்னா திரும்பிப் பாருங்க."

பரிதி திரும்பவில்லை. அவள் இருந்தால் என்ன பேசுவது என்று பயமாக இருந்தது. வெறும் இருக்கையாக இருந்துவிட்டால், அது இன்னும் பயம்.

"இறக்கிரட்டுமா?"

"பெட்ரோல் எவ்வளவு இருக்கு?"

"இறங்குறதுக்குப் போக இருபது நிமிஷத்துக்கு வரும்."

"அதுவரைக்கும் சுத்துங்கண்ணே."

விமானம் சாய்ந்து வளைந்தது. விமானிக்குப் பின்னாலிருந்த அளவு மெல்லத் தொண்ணூறுக்கு ஏறியது. பரிதியின் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தது இறங்கத் தொடங்கியது.