நாளைக்கே ஒரு பூசை

"பாதர், எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பூசை வைக்கணும். நாளைக்கே வைக்கணும்."

காலைப் பூசை முடிந்து கோயில் முற்றத்துக்கு வந்த பங்குத்தந்தை டிஜோ, சொன்னவளை நம்பாமல் பார்த்தார். ஷீஜாதான். மீன் விற்கக் கொண்டுபோகும் அலுமினியச் சருவத்தை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

பக்கத்தில் மெழுகுதிரி வாங்கிக்கொண்டிருந்த அவளுடைய நாத்தனார் வேளாங்கண்ணி, நெஞ்சில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"ஏட்டி, நீயா கேக்குத? ஒனக்குக் காய்ச்சலு கீய்ச்சலு இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மைனி."

இந்தக் கடற்கரைப் பங்குக்கு டிஜோ வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஷீஜாவின் கதையை ஊரார் முதல் வாரமே அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஒன்பது வருடங்களுக்கு முன் அடித்த புயலில், அவள் கணவன் ஆன்ட்ரூஸ் போன படகு திரும்பவில்லை. படகில் இருந்த ஐந்து பேரில் ஒருவருடைய உடலும் கிடைக்கவில்லை. மற்ற நான்கு வீட்டாரும், போனவர்களின் சட்டையையும் வேட்டியையும் பெட்டியில் வைத்து அடக்கம் செய்து, பூசை வைத்து, அழுது தீர்த்தார்கள். ஷீஜா சம்மதிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. அரசு கொடுத்த உதவித்தொகையைக்கூட வாங்கவில்லை.

"வருசா வருசம் புயல் நாள் பூசையில செத்தவங்க பேரு வாசிப்பாவ பாதர்." வேளாங்கண்ணிக்கு மூச்சு வாங்கியது. "எனக்க தம்பிக்க பேரு வந்தா போதும், இவ எந்திச்சு நின்னு, 'உயிரோட இருக்கவருக்கு எதுக்குப் பூசை'ன்னு கத்துவா. கடைசியில பழைய பாதர் அவனுக்க பேரையே எடுத்துட்டாரு. எங்க அம்மை கட்டிலோட கிடக்கா. எனக்க பிள்ளைக்க ஆத்துமா கடல்ல கிடந்து அலையுதே, ஒரு பூசை வையுங்களேன்னு தெனமும் அழுகா. இவளுக்க காலுல நான் விழல்லியான்னு கேளுங்க!"

"விழுந்தீங்க மைனி."

"அப்ப இளகாத மனசு இப்ப எப்படிட்டீ இளகிச்சு?"

ஷீஜா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா ஒரு தூக்கம் தூங்கணும் மைனி. அவ்வளவுதான்."

வேளாங்கண்ணிக்கு அதற்குள் விடை கிடைத்துவிட்டது. "பாதர், போன மாசம் தியானத்துல நீங்க பேசினியளே, சொமையை எல்லாம் எறக்கி வச்சுட்டு ஆண்டவர் மடியில இளைப்பாறுங்கன்னு! அதுதான். அன்னைக்கே இவளுக்க முகம் மாறிச்சு. நான் பாத்தேன்லா!"

"ஆண்டவர் செய்தது," என்றார் டிஜோ. ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பழைய பங்குத்தந்தையால் ஆகாதது.

"நாளைக்கே எதுக்கும்மா அவசரம்? அடுத்த மாசம் புயல் நாள் வருது. அன்னைக்குப் பெரிய பாட்டுப்பூசையா வைப்போம்."

"நாளைக்குத்தான் வேணும் பாதர்."

"நாளைக்கு ஒரு கல்யாணம் இருக்கே."

"அதுக்கு முன்ன வையுங்க. ஆளும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். அவருக்காக ஒரு பூசை, அது போதும்."

"ஆளு வேண்டாமா?" வேளாங்கண்ணி பாய்ந்தாள். "கடல்ல செத்தவன்ட்டீ எனக்க தம்பி. அவன் என்ன நாதியத்தவனா? ஊரையே கூட்டுகேன் பாரு. முதல்ல அம்மைகிட்ட சொல்லணும்." யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு தெருவில் ஓடினாள்.

அவள் போகும்வரை காத்திருந்து ஷீஜா சொன்னாள்: "பூசைக்கு முன்ன பாவசங்கீர்த்தனம் செய்யணும் பாதர்."

"கடைசியா எப்ப செய்தீங்க?"

"புயலுக்கு முன்ன."

கோயிலுக்குள் யாரும் இல்லை. பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியில் டிஜோ அமர்ந்து சல்லடைப் பலகைக்குக் காதைக் கொடுத்தார். என்ன சொல்லப்போகிறாள் என்பது தெரிந்ததுபோலவே இருந்தது. கடவுள்மேல் கோபம், பிறகு அதற்காக வருத்தம். அதற்கான ஆறுதலும் அவரிடம் தயாராக இருந்தது.

"ஒரு ஆளு சாகணும்னு இவ்வளவு காலமும் நினைச்சேன் பாதர். பூசையில நன்மை அப்பம் வாங்க வரும்போது நினைப்பு அதுலதான் போய் நிக்கும். அப்படியே வரிசையில இருந்து திரும்பிருவேன்."

"யாரு அந்த ஆளு?"

"எனக்க மாப்பிள்ளைதான்."

டிஜோவுக்கு இரக்கமாக இருந்தது. துயரம் மனிதர்களை என்னவெல்லாம் சொல்ல வைக்கிறது. "ஷீஜா, உங்களைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாரேன்னு கோபம். அது புரியுது. ஆனா கடல் எடுத்ததுக்கு அவர் என்ன செய்வார்?"

வெளியே தெருவில் வேளாங்கண்ணியின் ஒப்பாரி கேட்டது. தம்பியே, கடலம்மை மடியில கிடந்தியே என்று அவள் எடுத்துக்கொடுக்க, கூட நான்கைந்து பெண்கள் அழத் தொடங்கியிருந்தார்கள்.

"இப்ப எனக்குக் கோவம் இல்ல பாதர். மன்னிச்சுட்டேன். அவரும் இளைப்பாறட்டும், நானும் இளைப்பாறுகேன்." அவள் குரல் தாழ்ந்தது. "மாமிக்கும் மைனிக்கும் ஒண்ணும் தெரியாது. தெரியவும் வேண்டாம். கடல்ல போனான்னாவது அவங்களுக்கு அழ முடியுது."

"என்ன தெரியாது?"

"அவரைக் கடல் எடுக்கல்ல பாதர். புயல் முடிஞ்ச மாசமே வடக்க ரத்னகிரி துறைமுகத்துல இருந்து போன் பண்ணி, கப்பல்காரங்க காப்பாத்திட்டாங்க, இங்க எனக்கு ஒருத்தி இருக்கா, ஊருக்கு நான் செத்ததாவே இருக்கட்டும்னு சொன்னாரு. உயிரோட இருக்கவருக்குப் பீடத்துக்கு முன்ன பொய்யா ஒரு பூசை கேக்க என்னால ஆகல்ல. நாளைக்குத்தான் அவரு செத்து ஏழாம் நாளு."