பாட்டு நின்ற நேரம்

“போன ஞாயித்துக்கிழமை மண்டபத்துல பாட்டு பாதியில நின்னுச்சே, அது உங்க செட்டுதானே?”

கடை வாசலில் நின்ற பெண்ணை நிமிர்ந்து பார்த்தார் சவுண்டு. மைக் செட் வைத்திருப்பவருக்கு ஊரே சூட்டிய பெயர் அது. ஒரு வாரமாக இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். அன்று மண்டபத்தில் பிறந்தநாள் கொண்டாடிய வீட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா?

உள்ளே ஒயர் சுற்றிக்கொண்டிருந்த மனைவி, “ஏங்க, கரண்ட் கோளாறுன்னு சொல்லிடுங்க” என்று கிசுகிசுத்தாள்.

சவுண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காருங்கம்மா. என் செட்டுதான்.”

அவள் உட்காரவில்லை. “எதனால நின்னுச்சு?”

“கரண்ட்டு...” என்று ஆரம்பித்தவருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. “இல்லம்மா, தப்பு என்னுது. பெரிய ஆம்ப்ளிஃபயர் வேற இடத்துக்குப் போயிருந்துச்சு. சின்னதை வெச்சுச் சமாளிச்சிடலாம்னு வந்துட்டேன்.”

உள்ளே மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“சின்னதா இருந்தா ஸ்பீக்கருக்கு நல்லதுதானே?”

“எல்லாரும் அப்படித்தாம்மா நினைக்கிறாங்க. ஸ்பீக்கர் முந்நூறு வாட்டு, நான் மாட்டினது நூறு வாட்டு. கூட்டம் கத்தக் கத்த நானும் சத்தத்தைத் திருகிக்கிட்டே போனேன். சக்திக்கு மீறி விரட்டினா ஆம்ப்ளிஃபயர் பாட்டை முழுசா அனுப்பாது, ஒலி அலையோட தலையைச் சீவிட்டு அனுப்பும். அதனால சூடேறி, ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற மெல்லிசான கம்பிச்சுருள் கருகிடுச்சு. புகையைப் பார்த்ததும் எல்லாத்தையும் அணைச்சிட்டேன்.”

“பெரிய ஆம்ப்ளிஃபயர் இருந்திருந்தா?”

“அலட்டிக்காம பாடியிருக்கும். ஸ்பீக்கர் கேக்கறதைவிட ஆம்ப்ளிஃபயர்கிட்ட கொஞ்சம் கூடுதலாத் தெம்பு இருக்கணும்மா. அதுதான் சரியான ஜோடி.”

“நடுவுல நின்னிருக்காதா?”

“கடைசி வரைக்கும் நின்னிருக்காது.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் நிறைந்துவிட்டன. சவுண்டு தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு ஆசையாகப் பிள்ளையின் பிறந்தநாளை ஏற்பாடு செய்திருப்பாள்!

“என்னை நல்லா நாலு வார்த்தை திட்டிடுங்கம்மா. உங்க மனசாவது ஆறும்.”

மனைவி தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். “கோவிச்சுக்காதீங்க, அன்னைல இருந்து இந்த மனுஷன் சரியாச் சாப்பிடவே இல்ல.”

“ஐயோ, எதுக்குண்ணே திட்டணும்?” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சவுண்டின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “நான் அந்த விழாவுக்கே வரல. மண்டபத்துப் பின்சுவரை ஒட்டித்தான் எங்க மெக்கானிக் ஷெட்டு. அன்னைக்கு ஜாக்கி நழுவி, என் வீட்டுக்காரர் காருக்கு அடியில மாட்டிக்கிட்டாரு. நான் ஷெட்டு வாசல்லதான் இருந்தேன், ஆனா அவர் கத்தினது பாட்டுச் சத்தத்துல கேக்கவே இல்ல. உங்க ஸ்பீக்கர் நின்னப்பறம்தாண்ணே அவர் முனகல் என் காதுல விழுந்துச்சு... இன்னைக்குக் காலைலதான் எழுந்து உக்காந்து, காபியில சர்க்கரை இல்லன்னு என்னைத் திட்டினாரு!”