தலைமை நடுவர்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. மயிலாப்பூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் தபால்தலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி காலை பத்து மணிக்குத் தொடங்கியது.

"யாரு ஓய் இவளைத் தலைமை நடுவரா போட்டது?"

சுந்தரராமன் மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் உறைகளை மாட்டியிருந்த தட்டிகளில் மூன்று தட்டி தள்ளி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சங்கச் செயலாளர் அப்துல் வஹீத் சிரித்துச் சமாளித்தார். ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இருபது வருடமாக இந்தக் குரலைக் கேட்டுப் பழகியவர்.

"மஹதி நல்லா பண்ணுது சார். காலைலேர்ந்து ஒக்காரவே இல்ல."

"நிக்கறதுதான் தகுதின்னா வாசல்ல நிக்கற வாட்ச்மேனைப் போட்டிருக்கலாமே!"

மண்டபத்தின் மறுகோடியில் மஹதி ஓர் உறையை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருங்குடியில் மென்பொருள் வேலை. முதல் நாள் உறைகள், அதாவது புதுத் தபால்தலையை ஒட்டி, அது வெளியான அன்றே முத்திரை குத்திய படம் போட்ட உறைகள், அவற்றைச் சேர்க்க ஆரம்பித்து ஆறு வருடம்தான் ஆகிறது.

சுந்தரராமன் நாற்பத்தேழு வருடமாகச் சேர்க்கிறார். தலைமை நடுவர் பதவிக்கு மட்டும் பதினைந்து கண்காட்சிகளாகக் காத்திருக்கிறார். இந்த வருடம் தனக்குத்தான் என்று மனைவி ஜானுவிடம் சொல்லி, தி.நகரில் பட்டுக்கரை வேட்டி வேறு வாங்கிவிட்டார். வாங்கியது வீணாகக் கூடாதென்று அதையே கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இதைப் பாரும்." முதல் தட்டியின் முன்னால் நின்றார். "அப்பளத்துல மை கொட்டின மாதிரி ஒரு முத்திரை. இதையெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேளே, யாருக்கும் கூச்சமா இல்லை?"

"சர்தார் பாயோடது சார். பின்னாடிதான் நிக்கறாரு. காதுல வுழுந்துடப் போவுது."

"கண்ணுலதான் படலை. காதுலயாவது விழட்டும்."

அடுத்த தட்டியில் கலங்கரை விளக்கங்களைப் பற்றிய உறைகள். மேலே வெள்ளிப் பதக்கம் என்று சீட்டு ஒட்டியிருந்தது. சுந்தரராமன் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு திருப்தி.

"ரப்பர் பேண்டு போட்ட தழும்பு தெரியறது ஓய்! உறையா, கொத்தமல்லிக் கட்டா? இதுக்கு வெள்ளி குடுத்திருக்கா உங்க நடுவர். அவ லென்ஸை நீர்தான் வித்தீரா?"

"சார், ஒரு டீ சாப்பிடலாமா?"

"டீயைக் குடுத்து என் வாயை அடைக்க வேண்டாம். என்னை வேண்டாம்னு முடிவு பண்ணினது யாரு, அதைச் சொல்லும். சரி, பண்ணினேள். நாற்பத்தேழு வருஷம் சேர்த்தவனுக்கு ஒரு வரி எழுதிப் போட உங்க சங்கத்துல பேனா இல்லையா?"

வஹீத்தின் சிரிப்பு நின்றது.

"இன்னா சார் சொல்றீங்க? கமிட்டில மொத பேரே உங்க பேருதான். ஒருத்தர் மறுத்துப் பேசல. நாந்தானே லெட்டர் எழுதுனேன்! ஜனவரி இருவதுக்குள்ள சம்மதம் சொல்லுங்கன்னு கேட்டிருந்தேன். நீங்க பதிலே போடல. சார் நம்ம மேல கோவமாக்கீறாருன்னு நெனைச்சு எல்லாரும் கம்முனு இருந்துட்டோம். அப்பாலதான் மஹதிய கேட்டோம். அதுவும், சார் இருக்கும்போது நானான்னு ரெண்டு நாளு ஒத்துக்கல."

"சுத்தப் பொய். எனக்கு எந்த லெட்டரும் வரலை."

வஹீத் மேஜைக்குப் போய்க் கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். அதிலிருந்து ரிஜிஸ்டர் தபாலின் ஒப்புகை அட்டையை உருவிக் காட்டினார். ஜனவரி 3 என்று தேதி. கீழே சாய்வாக, வால் நீட்டி, சுந்தரராமனின் கையெழுத்து.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஓய், அன்னிக்கு வந்தது சங்கத்தோட வெள்ளி விழா உறைன்னா! முத்திரை எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாருடின்னு அன்னிக்கே ஜானுகிட்ட காமிச்சேனே!"

"அதேதான் சார். உங்களுக்குப் போயி சாதா கவர்ல அனுப்ப மனசு வரல. லெட்டரு அதுக்கு உள்ளதானே இருந்துச்சு?"

"உள்ளயா? தடவிப் பார்த்தேன், கெட்டியா இருந்தது. நாம ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கற உறைல யாரு லெட்டர் வெக்கறா? மடங்காம இருக்கறதுக்கு சொருகற வெறும் அட்டைன்னு நினைச்சேன்."

"கெட்டிக் காகிதத்துல அச்சடிச்ச லெட்டரு சார் அது. நீங்க பிரிக்கவே இல்லியா?"

"முத்திரை விழுந்த உறையை எந்த மடையனாவது பிரிப்பானா?"

வஹீத் ஒப்புகை அட்டையைக் கோப்பில் திரும்பச் செருகினார்.

"சரி சார், போனது போவட்டும். இப்பவாச்சும் வீட்டுக்குப் போயி பிரிச்சுப் படிங்க. உங்களப் பத்தி ஒரு பக்கம் எழுதிக்கீறேன்."

சுந்தரராமன் யோசித்தார். அதற்குள் ஒலிபெருக்கியில் மஹதியை மேடைக்கு அழைத்தார்கள்.

"வேண்டாம்," என்றார் அவர். "உம்மகிட்ட நகல் இருந்தா ஒண்ணு குடும், படிச்சுக்கறேன்."