தலைப்பு இல்லாத படம்

ஐலா மறுபடியும் தூங்கிவிட்டாள்.

அதுவும் முதல் வரிசையில், எல்லார் கண்ணிலும் படும்படி, வாயை லேசாகத் திறந்துகொண்டு. திரையில் ஓடிக்கொண்டிருந்தவை அவள் புருஷன் ரெய்னோ எடுத்த படங்கள்.

"பாவம் ரெய்னோ," என்றாள் பின்வரிசை டோரீன், ஐலாவுக்குக் கேட்கட்டும் என்றே. "எப்பேர்ப்பட்ட கலைஞன்! கட்டினவளுக்கு அதோட அருமை தெரியலையே."

"அவ கையுறையைப் பாரு," என்றாள் பக்கத்தில் இருந்தவள். "ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு."

"ரசனைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்டி."

எல்லாம் ஐலாவின் காதில் விழுந்தது. கண்ணைத் திறக்கத்தான் தெம்பில்லை. காலை ஆறு மணியிலிருந்து முதியோர் இல்லத்துச் சலவை அறையில் ஈரப் போர்வைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருக்கிறாள். தேவாலயத்து நிலவறையில் ஒரு மடக்கு நாற்காலி கிடைத்ததே பெரிய விஷயம். ஹீட்டர் சரியாக வேலை செய்யாததால் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. ஜோடி தொலைந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. ரெய்னோ அதைக் கவனித்ததே இல்லை.

போதாக்குறைக்கு இருமல் வேறு. போன வியாழக்கிழமை பிடித்தது.

அன்றைக்கு வேலை முடிகிற நேரத்தில் ரெய்னோ போன் செய்தான்.

"ஐலா, கார் பேட்டரி போயிடுச்சு. இந்தக் குளிர்ல என்ன பண்ணியும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பஸ்ல வந்துடறியா?"

மைனஸ் இருபத்தெட்டு. இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை கார் சமர்த்தாகக் கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரியே சரிசெய்து கொடுத்தாராம்.

இன்றைக்கும் வீட்டில் படுத்திருக்கலாம். ரெய்னோ விடவில்லை. "முக்கியமான படம் ஒண்ணு காட்டப் போறேன். நீ வந்தே ஆகணும்."

கனடாவின் தண்டர் பே நகரப் புகைப்படச் சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து நூலகத்தில் மாட்டுவார்கள். ஆறு வருஷமாக ரெய்னோவுக்கு அதே ஏக்கம். ஐலாவுக்கும் அவனுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. கிடைத்துவிட்டால் சமையலறைத் தட்டுகளையாவது கழுவ விடுவான். முட்டை காய்ந்துபோன தட்டு ஒன்று மூன்று நாளாக ஜன்னலோரம் கிடக்கிறது. வெளிச்சம் இன்னும் சரியாக விழவில்லையாம், கை வைக்கக் கூடாதாம்.

"படமெடுக்க விஷயம் தேடி மலைக்கும் காட்டுக்கும் ஓட வேண்டாம்," என்று முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தான் ரெய்னோ. "எல்லாம் தினமும் நம்ம கண்ணெதிர்லதான் இருக்கு. நாமதான் பார்க்கறதில்ல."

கைதட்டினார்கள். துருப்பிடித்த குழாய் வந்தது. குப்பைத்தொட்டி மூடியில் பனி வந்தது. கரண்டி நிழல் வந்தது.

அப்புறம் கடைசிப் படம்.

அறையே அமைதியானது. அந்த அமைதிதான் ஐலாவை எழுப்பியது.

பஸ் நிறுத்தத்தின் கண்ணாடிக் கூண்டு. உள்ளே, பனி படிந்த கண்ணாடியில் சாய்ந்தபடியே தூங்கும் ஒரு பெண். குல்லாவும் கழுத்துத் துணியும் முகத்தை முழுக்க மூடியிருந்தன. சாய்ந்த வெயில் அவள் மடிமேல் விழுந்திருந்தது. மடியில் இரண்டு கைகள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

சங்க வழக்கப்படி படத்தின் கீழே தேதியும் நேரமும் போட்டிருந்தது. போன வியாழக்கிழமை, மாலை நாலு முப்பத்தைந்து.

"ஐயோ, அந்தப் பச்சையும் சிவப்பும்!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள் டோரீன். "என்ன அழகு! யாரு ரெய்னோ இவ?"

"தெரியல டோரீன். வேலை முடிஞ்சு போற யாரோ ஒருத்தி. எதிர்சாரியில கார்ல ஹீட்டரைப் போட்டுக்கிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன், அந்த வெளிச்சம் அவ மேல விழணும்னு." ரெய்னோவின் குரல் தழுதழுத்தது. "அத்தனை நேரம் அவளைக் கூட்டிட்டுப் போக ஒருத்தரும் வரல. வீட்ல என்ன மனுஷங்களோ!"

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஐலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். அதற்கும் தெம்பில்லை போலிருக்கிறது.

சங்கத் தலைவி பெவர்லி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சந்தேகமே இல்ல, இந்த வருஷம் நூலகத்துக்கு இதுதான். நம்ம வழக்கப்படி தலைப்பை எடுத்தவர் வைக்கக் கூடாது, பார்த்தவங்கதான் வைக்கணும். சொல்லுங்க."

"காத்திருப்பு."

"ஊரின் களைப்பு."

"யாருமில்லாதவள்!" என்றாள் டோரீன். அதற்குத்தான் நிறையத் தலைகள் ஆடின.

முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக. பச்சைக் கை.

"அட, ஐலாவா!" ரெய்னோவுக்குப் பூரிப்பு. "சொல்லு, சொல்லு! எல்லாரும் கேளுங்க."

டோரீன் அந்தக் கையைப் பார்த்தாள். மடியில் கிடந்த சிவப்புக் கையைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

ஐலா இருமி முடித்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"'கார் பேட்டரி போயிடுச்சு'ன்னு வைங்க."