நாற்காலிக்குப் பின்னால் நின்று

அன்று அந்த அறையில் ஐந்து பேர். பாலர் பள்ளி டீச்சர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்க வரும் நர்ஸ். எல்லாரும் உருண்டை என்று கூப்பிடும் நாலரை வயதுப் பையன். அவனுடைய அம்மா. அம்மாவுக்குத் துணையாக, யாரும் கூப்பிடாமலே வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை.

கேள்விகள் பன்னிரண்டு. எட்டுக்குச் சரியாகச் சொன்னால் மேல் வகுப்பு. குறைந்தால் இன்னும் ஒரு வருடம் மூன்று வயதுப் பிள்ளைகளோடு. போன வருடம் ஒருமுறை அப்படி உட்கார வைத்தாயிற்று.

டீச்சர் முந்திக்கொண்டாள். நூறு தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, மற்ற பிள்ளைகள் எழுந்தால்தான் இவனும் எழுந்திருக்கிறான், இது மந்தமா திமிரா என்று தனக்கே பிடிபடவில்லை என்றாள்.

“எங்க அண்ணன் இந்த வயசுல வாய்ப்பாடு சொல்லுவார். இவன் யாரைக் கொண்டு பிறந்தானோ,” என்றாள் அத்தை. அம்மாவைப் பார்க்காமல், அம்மாவுக்குக் கேட்கும்படி.



நர்ஸ் உயரம் அளந்தாள். நூற்று நாலு சென்டிமீட்டர். எடை பத்தொன்பது கிலோ இருநூறு கிராம். சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டாள்.

“அதுல மட்டும் மந்தமே கிடையாது,” என்றாள் அத்தை.

பிறகு நர்ஸ் அவனைச் சின்ன நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள். பெயர் என்ன, வயது என்ன, பசித்தால் என்ன செய்வாய், மழையில் என்ன எடுத்துப் போவாய். உருண்டை அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒவ்வொன்றுக்கும் சொன்னான். சொற்கள் கொஞ்சம் கொழகொழவென்று வந்தன. ஆனால் சரியாக வந்தன.

அத்தை விரல் விட்டு எண்ணினாள். எட்டைத் தாண்டியதும் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

நர்ஸ் கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடினாள். எழுந்து போய் அவனுடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அங்கிருந்து முதல் கேள்வியை மறுபடி கேட்டாள்.

உருண்டை கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு இருந்தான்.

இரண்டாவது, மூன்றாவது என்று பன்னிரண்டையும் கேட்டு முடித்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

“நான்தான் சொன்னேனே,” என்றாள் டீச்சர்.

“மறுபடி எதுக்குக் கேக்கறீங்க சிஸ்டர்? ஒரு தடவை எல்லாம் சரியாச் சொல்லிட்டானே,” என்றாள் அம்மா.

நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள். “இந்தக் கேள்வியெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

அத்தை ஜன்னலைப் பார்த்தாள்.

அம்மா தலைகுனிந்து ஒத்துக்கொண்டாள். போன தடவை வந்த பிள்ளையின் அம்மாவிடம் கெஞ்சி எழுதி வாங்கியதாகச் சொன்னாள். நாற்பத்தொரு நாள் சொல்லிக்கொடுத்தாளாம். தப்புதான், அதற்கு அவனைத் தண்டிக்க வேண்டாம் என்றாள்.

“இப்படியும் ஒரு ஏமாத்து வேலை,” என்றாள் டீச்சர். “இந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க சிஸ்டர். கீழ் வகுப்பிலேயே இருக்கட்டும்.”

நர்ஸ் தாளைக் கிழிக்கவில்லை. “எப்படி உட்கார வச்சுச் சொல்லிக்கொடுத்தீங்க?” என்று கேட்டாள்.

இது என்ன கேள்வி என்பது போல அம்மா நிமிர்ந்தாள். “மடியிலதான். என் முகத்தைப் பார்க்கற மாதிரி. அப்படி வச்சாதான் அவனுக்கு ஏறும்.”

நர்ஸ் உட்கார்ந்தாள். தாளில் பன்னிரண்டு என்று போட்டு, மேல் வகுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். இன்னொரு சீட்டில் ஏதோ எழுதி மடித்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

“நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. தள்ளிப்போடாதீங்க.”

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. மனப்பாடம் செய்ததற்கெல்லாம் மார்க்கா என்று கேட்டாள். நாளைக்கு எல்லாப் பெற்றோரும் இதையே செய்வார்கள் என்றாள்.

“இனிமே இவனை முன்வரிசையில, உங்க முகம் தெரியற இடத்துல உட்கார வைங்க டீச்சர். கூப்பிடணும்னா முன்னால வந்து நின்னு கூப்பிடுங்க.”

“அப்படி என்ன பெரிய கெட்டிக்காரன் இவன்?”

நர்ஸ் உருண்டையின் தலையில் கை வைத்தாள்.

“நான் கேட்ட பன்னிரண்டையும் என் உதட்டைப் பார்த்தே படிச்சிருக்கான். காதால கேட்டது எத்தனைன்னு கணக்குப் பார்த்தா, பூஜ்யம்.”