நாற்பத்தைந்து செக்கன்

“இதைப் போய் ஏன் மிஸ் அழிக்கச் சொல்றீங்க? புத்தம் புது விஸ்டா.”

புவாத் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான், யாரோ பறிக்க வருவதுபோல.

“எனக்குப் பழைய எக்ஸ்பிதான் தம்பி வேணும்,” என்றாள் நேசமலர், மூன்றாம் முறையாக.

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்தது அவனுடைய கணினிக் கடை. கீழே காலி வீதியில் கல்கிசை பஸ்காரன் ஆட்களைக் கூவிக்கொண்டிருந்தான்.

அவளுடைய கைப்பையில் ஒரு கடதாசித் துண்டு இருந்தது. சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருக்கும் பேர்னாட் எழுதிக் கொடுத்தது. என்ன வாங்கவேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது: விஸ்டா. திங்கட்கிழமையிலிருந்து பிறப்புச் சான்றிதழ்களைச் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலை அவளுக்கு வரும். நாட்டைவிட்டுப் போகிறவர்கள் கூடக் கூட அந்த வேலையும் கூடிக்கொண்டிருந்தது. அவள் தன் பெயரில் தொடங்கும் முதல் தொழில்.

துண்டை அவள் வெளியே எடுக்கவில்லை.

“லோயர்மார் எல்லாரும் இப்ப இதுதான் மிஸ். எக்ஸ்பிய இந்த மாசத்தோட நிப்பாட்டுறாங்க. சல்லிதான் பிரச்சினைன்னா லினக்ஸ் போட்டுத் தாறேன், சும்மா. பொறகு வந்து எனக்கு ஏசக் கூடாது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாட்களில் அவளோடு கதைத்த முதல் ஆள் அவன்.

“பழகினது தம்பி, அதுதான்.”

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

புவாத் பெருமூச்சு விட்டு இறுவட்டை உள்ளே தள்ளினான். ஒரு மணித்தியாலம் ஆகும் என்றான். அவள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து நீலத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கடைசியில் திரை கறுத்தது. பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்தன.

வேறொன்றும் வரவில்லை.

“சத்தம் வரேல்லையே,” என்றாள்.

“சவுண்ட் டிரைவர் இல்ல மிஸ். இந்த மொடலுக்கு எக்ஸ்பி டிரைவர் தேடணும், கிடைக்குமோ தெரியல்ல. சேர்ட்டிபிகட் டைப் பண்ணச் சத்தம் என்னத்துக்கு? பாட்டா போடப் போறீங்க?”

“சத்தம் இல்லாட்டி எனக்கு இது வேண்டாம்!”

கடையில் இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொலிஸ் நிலையத்தில்கூட அவள் இப்படிக் குரலை உயர்த்தியதில்லை.

புவாத் பகிடியை விட்டுவிட்டான். டிரைவரைத் தேடத் தொடங்கினான். முதலாவது சரிவரவில்லை. இரண்டாவதும் சரிவரவில்லை. மூன்றாவதைப் போட்டுவிட்டு, நிறுத்தி, மறுபடியும் இயக்கினான்.

கணினி தொடங்கும்போது வரும் அந்தச் சத்தம் வந்தது.

நேசமலர் எழும்பிவிட்டாள். மடியிலிருந்த கைப்பை கீழே விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“என்ன மிஸ், எங்க போறீங்க?”

“ஒண்டுமில்லை. கால் விறைச்சுப்போச்சு.”

பையை எடுத்துக்கொண்டு மறுபடியும் அமர்ந்தாள். பிறகு, வியாபாரம் செய்கிறவளைப்போலக் கேட்டாள்: “பட்டனை அமத்தி எவ்வளவு நேரத்தில இந்தச் சத்தம் வரும்?”

அவன் இன்னொரு தரம் போட்டு மணிக்கூட்டைப் பார்த்தான். “நாப்பத்தஞ்சு செக்கன். கொஞ்சம் இருங்க, இன்னும் குறைச்சுத் தாறேன்.”

“வேண்டாம் தம்பி, குறைக்க வேண்டாம். சத்தத்தை மட்டும் கூட்டி விடுங்கோ.”

“மெதுவா வரட்டும்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்.” அவன் தலையை ஆட்டிக்கொண்டு கணினியைப் பையில் வைத்தான். “பில்லக் கைல வெச்சுக்கங்க. செக்பொயின்ட்ல கேப்பாங்க.”

மறுநாள் காலை, ஆறு மணிக்குச் சற்று முன், அதை முன்னறை மேசையில் வைத்தாள்.

மேசையில் ஒரு சதுரம் மட்டும் வெயில் படாமல் கறுப்பாக இருந்தது. எக்ஸ்பி போட்ட பழைய கணினி நின்ற இடம். பதினான்கு மாதங்களுக்கு முன், ஒரு வாக்குமூலம் எடுக்கவேண்டும் என்று அவளுடைய கணவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் அதையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கணினிக்கு மட்டும் பற்றுச்சீட்டு தந்தார்கள்.

அவரும் இதே வேலைதான் செய்தவர். தினமும் ஆறு மணிக்கு எழும்பி வந்து கணினியைப் போடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் கேத்தலுக்குள் தேயிலையைப் போடுவாள். எழும்பிவிட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் ஒருநாளும் கேட்டதுமில்லை.

கடற்கரைப் பக்கமாக முதல் ரயில்களில் ஒன்று போய் ஓய்ந்தது.

நேசமலர் பட்டனை அமத்தினாள். அமத்திவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தேயிலைப் பேணியைத் திறந்து, கரண்டியைக் கையில் எடுத்து, முன்னறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. அதை அடக்கினாள். ஓடி வந்தவளைப்போல நிற்கக் கூடாது.

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

“வாறன், வாறன். பொறுங்கோவன்,” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.