பச்சைப் பட்டன்

கதவை வெளியிலிருந்து பூட்டும் சத்தம் கேட்டது. அவர் ஜன்னலை இழுத்துப் பார்த்தார், அசைந்து கொடுக்கவில்லை. கைபேசியை நேற்றே பிடுங்கிக்கொண்டார்கள்.

கைதி என்று நினைத்துவிடாதீர்கள். மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர். மெத்தை உண்டு, பழக்கூடை உண்டு, படுத்துக் குளிக்கத் தொட்டி உண்டு. ஓட்டலில் இப்படி அடைத்து வைத்ததற்குப் பெயர் ‘கட்சிப் பயிற்சி முகாம்’. பக்கத்து அறைகளிலும் உறுப்பினர்கள்தான். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது.

நாளை தேசிய வறுமை ஒழிப்புத் திட்டத்தின் மீது வாக்கெடுப்பு. எதிர்க்க வேண்டும் என்பது மேலிடத்தின் கட்டளை. ஆதரிப்பேன் என்று தொகுதி முழுக்கத் தொண்டை கிழியப் பேசி ஜெயித்தவருக்குத் தூக்கம் எப்படி வரும்?

கதவு திறந்தது. மாற்றுத் துணியோடு வந்த அவர் மனைவியையே காலையில் வாசலோடு திருப்பி அனுப்பிய காவலாள், அறை சுத்தம் செய்யும் பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டான்.

அவள் தலையணை உறையை மாற்றினாள். மாற்றியதையே உருவி மறுபடியும் மாட்டினாள்.

“என்னம்மா, ஏதாச்சும் சொல்லணுமா?”

“நாளைக்கு ஓட்டெடுப்பாமேய்யா. அந்தத் திட்டம் வந்தா தெருவுக்கு ஒரு குழந்தைக் காப்பகம் வருமாமே?”

“வரும்.”

“எம் பொண்ணு கிளாஸ்லயே முதல் மார்க்குங்க. கைக்குழந்தையைப் பார்த்துக்க ஆளில்லாம அவளைத்தான் வீட்டோட நிறுத்தி வெச்சிருக்கேன். தம்பியைக் கால்ல போட்டு ஆட்டிக்கிட்டே பழைய புத்தகத்தைப் படிக்கிறாய்யா. நீங்கதான் மனசு வைக்கணும்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “மேலிடத்தை மீறினா கட்சியை விட்டே தூக்கிடுவாங்கம்மா. அடுத்த தடவை சீட்டும் கிடையாது.”

“அடுத்த தடவைக்குள்ள அவ படிக்கிற வயசே தாண்டிடுமேய்யா.”

அந்தப் பேச்சு அவரை உலுக்கிவிட்டது. மேடையில் எத்தனையோ முறை கண்ணைத் துடைத்தவர்தான். இந்த முறை நிஜமாகவே ஈரமாயிருந்தது.

“எந்தப் பட்டன்னு மட்டும் சொல்லிடுங்கய்யா. எனக்கு நிம்மதியாப் போயிடும்.”

“உன் பொண்ணு மேல சத்தியம். ஆதரிக்கிற பச்சைப் பட்டனைத்தான் அமுக்குவேன். யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அழுக்குத் துணிகளை வாரிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

எடுத்த முடிவில் அவருக்கு மனசு லேசாகிவிட்டது. கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார்.

“என்ன சொன்னாரு?” வாசலில் காவலாளின் குரல்.

“பச்சைதான்.”

காவலாள் உள்ளே வந்து, மரியாதை குறையாமல் சொன்னான். “ஐயாவுக்கு உடம்பு சரியில்லை. நாளைக்குச் சபைக்கு வர முடியாதுன்னு மேலிடத்துல சொல்லிடறேன். இங்கேயே ரெஸ்ட் எடுங்க.” பிறகு அவள் பக்கம் திரும்பினான். “நீ அடுத்த ரூமுக்குப் போம்மா.”

அவர் பழத்தைக் கீழே வைத்தார். காவலாளைத் தாண்டி எட்டிப் பார்த்து அவளிடம் கேட்டார்: “அப்போ நீ சொன்னதெல்லாம் பொய்யா?”

அவள் தலை நிமிரவில்லை.

“நிஜமா இருக்கப்போய்த்தானே ஐயா, இவங்க காசுக்காக இதுக்கு ஒத்துக்கிட்டேன்!”